நாய் பார்க்க வந்த வீடு

நாய் வேண்டாம் என்று சொல்ல மாசிலாமணியிடம் எப்போதும் நாலைந்து காரணங்கள் கைவசம் இருந்தன. முடி கொட்டும், சோபாவைக் கடித்துக் குதறும், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்பார். ஒன்று எடுபடாவிட்டால் இன்னொன்றை எடுப்பார். காப்பீட்டு நிறுவனத்தில் உதவி மேலாளராக இருப்பவருக்கு, கேட்டு வருகிறவர்களை நோகாமல் திருப்பி அனுப்புவது கைவந்த கலை. அவருடைய மனைவி தமயந்திக்கு இத்தனை சுற்றிவளைப்பு தேவைப்படவில்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். "முதல்ல மார்க்கு, அப்புறம் நாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் நிறைமதி அந்த வரியை நம்பிவிட்டாள். தொண்ணூறு எடுத்தால் நாய் என்றார்கள். எடுத்தாள். தொண்ணூறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தொண்ணூற்றைந்து எடு பார்க்கலாம் என்றார்கள். அதையும் எடுத்தாள். சரி, எல்லாப் பாடத்திலும் தொண்ணூற்றெட்டு என்றார்கள். ஆக, நாய் வராமலேயே அந்த வீட்டில் நாய் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. அதற்குச் சோறு போடுகிற செலவும் இல்லை.

இந்த நிலையில்தான் நாய் ஒப்புதல் சட்டம் வந்தது. ஆசைக்கு நாய் வளர்த்துவிட்டு அலுத்துப்போனதும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். காப்பகங்கள் நிரம்பி வழிந்தன. அப்போது யாரோ நாலு விஞ்ஞானிகள் கூடி ஒரு கழுத்துப்பட்டையைக் கண்டுபிடித்தார்கள். நாய் ஒரு வீட்டுக்குள் நுழைந்து மோந்து பார்த்ததும் அதன் மனதில் என்ன தோன்றுகிறது என்பதை அந்தப் பட்டை விளக்கு எரித்துக் காட்டிவிடும். அதன் பிறகு, எந்த நாயையும் அதன் சம்மதம் இல்லாமல் எந்த வீட்டிலும் வைக்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது.

நிறைமதி இதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடியே, நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண வேண்டாம், நாய் வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணட்டுமே என்றாள். தொண்ணூற்றெட்டு என்ன ஆயிற்று என்று தமயந்தி வாயெடுப்பதற்குள் மாசிலாமணிக்குப் பொறி தட்டியது. மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"நாம வேண்டாம்னாத்தானே நாம பொல்லாதவங்க? அந்த நாயே வேண்டாம்னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் அவ யாரைக் கேப்பா?"

தமயந்தி பல வருடங்களுக்குப் பிறகு கணவரை மரியாதையுடன் பார்த்தாள்.

விண்ணப்பம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒப்புதல் அலுவலர் பிலோமினா, மிளகு என்ற கறுப்பு நாயுடன் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். நிறைய வீடுகளைப் பார்த்துவிட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. யாரோ வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் பஜ்ஜி போட்டுத்தான் தமயந்திக்குப் பழக்கம். அன்றும் வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். பிலோமினா ஒன்றை எடுத்துக் கடித்தபடி பட்டையைப் பற்றி விளக்கினாள்.

"நாய்க்கு மூக்குதான் சார் எல்லாம். கோபத்துக்கு ஒரு வாசனை, நோய்க்கு ஒரு வாசனை, பயத்துக்கு ஒரு வாசனை. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். பச்சை எரிஞ்சா இந்த வீட்ல இருக்கேங்குது. சிவப்புன்னா மாட்டேங்குது. முன்ன நாம நாயைப் பாத்துட்டு இருந்தோம், இப்ப அது நம்மளைப் பாக்குது. அவ்வளவுதான்."

நாய் மாசிலாமணியின் காலை மோந்தது. தமயந்தியின் புடவைத் தலைப்பை மோந்தது. பிறகு உள்ளே நிறைமதியின் அறைக்குப் போனது. மறுநாள் தேர்வு என்பதால் அவள் மேசையை விட்டு எழுந்துவரக் கூடாது என்று உத்தரவு. சற்று நேரத்தில் மிளகு திரும்பி வந்து வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பட்டையில் சிவப்பு எரிந்தது.

பிலோமினா கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, வீட்டில் பயம் இருக்கிறதாம் என்றாள். யாருக்கு என்று மாசிலாமணி கேட்டார். இந்த மாடல் பட்டை அதையெல்லாம் சொல்லாது, வீட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும் என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜியுடன் விடைபெற்றாள்.

நினைத்த காரியம் முடிந்ததில் மாசிலாமணிக்கு ஏகப்பட்ட திருப்தி. மகளைக் கூப்பிட்டு, பார்த்தாயா, அதுவே வேண்டாம் என்றுவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று உதட்டைப் பிதுக்கினார். நிறைமதி சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தமயந்தி பூரித்துப்போனாள்.

திருப்தி அன்று மாலை வரை நீடித்தது. மாலையில் அதே பிலோமினா அதே நாயுடன் எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் கதவைத் தட்டினாள்.

ஏகாம்பரம் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். மாசிலாமணியின் பார்வையில் அது குடித்தனமே இல்லை. அவருடைய மகன்கள் இருவரும் நடைபாதையில் கிரிக்கெட் ஆடுவார்கள். சனிக்கிழமையானால் ஏகாம்பரம் இரண்டு ரவுண்டு போட்டுவிட்டுப் பாடுவார். மனைவி அவரைத் திட்டுவது லிஃப்ட் வரை கேட்கும். காரை எப்போதும் மாசிலாமணியின் கோட்டுக்குள் அரை அடி தள்ளித்தான் நிறுத்துவார். அந்த வீட்டுக்குள் போன மிளகு வெளியே வரவில்லை. மறுவாரம் ஏகாம்பரத்தின் வாசலில் பச்சைப் பலகை ஒன்று தொங்கியது. 'நாய் ஏற்ற இல்லம்' என்று அதில் அரசாங்க முத்திரையுடன் எழுதியிருந்தது.

மாசிலாமணிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. நாய் வேண்டாம் என்பது வேறு. நாய் தன்னை வேண்டாம் என்றுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்ச் சரி என்றது வேறு.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பச்சைப் பலகை வந்த கொஞ்ச காலத்திலேயே அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் முந்தின வீட்டில் ஒப்புதல் இருந்ததா என்று கேட்டார்கள். வரன் தேடும் விளம்பரங்களில் 'சொந்த வீடு, நாய் ஒப்புதல் உண்டு' என்று போட ஆரம்பித்தார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏகாம்பரத்துக்கு வாழ்த்து குவிந்தது. அதற்குக் கீழேயே சங்கச் செயலாளர், ஒப்புதல் கிடைக்காத இல்லங்கள் மனம் தளர வேண்டாம் என்று ஆறுதலாக ஒரு வரி போட்டிருந்தார். எந்த இல்லம் என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. அலுவலகத்தில் மேலாளர் டீ குடிக்கும்போது, "உங்க வீட்ல ஏதோ பயமாமே" என்று பரிவோடு விசாரித்தார்.

யாருக்குப் பயம் என்ற கேள்வி வீட்டில் கிளம்பியது. தமயந்திதான் என்று மாசிலாமணி நினைத்தார். சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள். இல்லை, அவர்தான் என்று தமயந்தி அடித்துச் சொன்னாள். தெருவில் நாய் வந்தால் எதிர் வரிசைக்கு மாறி நடக்கிறவர் யார் என்று கேட்டாள். இரண்டு நாள் இதில் போயிற்று. நிறைமதியைப் பற்றி இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அவள்தான் தெருநாயை எல்லாம் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறவளாயிற்றே. கடைசியில் இரண்டு பேருக்குமே இருக்கலாம் என்று சமாதானமாகி, மறுவிண்ணப்பம் போட்டார்கள்.

நாயை நுழையவிடக் கூடாது என்று திட்டம் போட்ட அதே சமையலறையில் இப்போது நாயை எப்படி மடக்குவது என்று திட்டம் நடந்தது. தமயந்தி ஆசிரியை. பரீட்சை என்று வந்துவிட்டால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பயிற்சி வகுப்புதான். அதற்கும் ஊரில் கடை திறந்திருந்தார்கள். வேளச்சேரியில் ஸ்ரீ பைரவர் ஒப்புதல் பயிற்சி மையம். முதல் முயற்சியிலேயே பச்சை என்று வாசலில் ஆள் உயரத்துக்குத் தட்டி. உள்ளே காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற தங்கராசு என்பவர், வழுக்கைத் தலையில் விபூதியுடன், பயம் என்பது வியர்வையில்தான் இருக்கிறது, வியர்வையை வென்றவன் நாயை வென்றவன் என்று பாடம் எடுத்தார்.

கணவனும் மனைவியும் சனி, ஞாயிறு தவறாமல் போனார்கள். காப்பியை விட்டார்கள். வெங்காயம், பூண்டு விட்டார்கள். மூச்சை இழுத்து, பிடித்து, விட்டார்கள். ஒரு கிழட்டு லாப்ரடார் முன்னால் தரையில் உட்கார்ந்து, அது கொட்டாவி விடுகிறவரை கண்ணிமைக்காமல் புன்னகை செய்தார்கள். மாதிரித் தேர்வில் தமயந்திக்கு எழுபத்தெட்டும் மாசிலாமணிக்கு அறுபத்தொன்றும் வந்தன. அறுபத்தொன்று எப்படி என்று பஸ்ஸில் வழியெல்லாம் தமயந்தி கேட்டுக்கொண்டே வந்தாள். மாசிலாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மறுபடி கேட்பதற்குள் இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் என்று அவர் யோசிக்கவில்லை.

வீட்டுச் சூழலுக்கும் மதிப்பெண் உண்டு, குழந்தை சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தங்கராசு ஒரு வகுப்பில் சொல்லிவைத்தார். தமயந்தி அன்றே நிறைமதியின் கால அட்டவணையைத் திருத்தினாள். கணக்கு டியூஷனுக்கும் வேதியியலுக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கி, 'மகிழ்ச்சி' என்று சிவப்பு மையில் எழுதினாள். நிறைமதி அந்த அரை மணி நேரம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று அம்மா இடையில் வந்து எட்டிப் பார்த்தாள். இருக்கேம்மா என்றாள். உனக்காகத்தான் இத்தனை பாடும், நீ அந்தத் தொண்ணூற்றெட்டை மட்டும் விட்டுடாதே என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள் தமயந்தி. அவள் மனதில் அப்போது கல்மிஷம் எதுவும் இல்லை. உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள்.

அறுபத்தொன்று மாசிலாமணியை விடாமல் அரித்தது. மறுவருகைக்கு முந்தின நாள் அவர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எதிர்வீட்டுக்குப் போனார். ஏகாம்பரம் நாயை மடியில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வானிலையைப் பற்றிப் பேசினார். லிஃப்ட் பராமரிப்பைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கள் பனியன் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"பனியனா?"

"தோய்க்காததா இருந்தா நல்லது."

ஏகாம்பரத்துக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டுச் சொல்ல, அவளும் சிரித்தாள். சின்னவன் ஓடிவந்து அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு என்ன என்ன என்று கேட்டான். மாசிலாமணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் பனியனை வாங்கிக்கொண்டுதான் வந்தார். பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இது அந்தக் கணக்கில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இந்த முறை பிலோமினா அழைத்து வந்தது வெல்லம் என்ற நாய். பெயருக்கேற்ற நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும் நாட்டு நாய். பட்டையும் புது மாடல். வாசனை யாரிடமிருந்து வருகிறது என்பதையும் இது காட்டும் என்றாள். மாசிலாமணி சட்டைக்குள் ஏகாம்பரத்தின் பனியனோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வெல்லம் அவரிடம் வந்து மோந்தது. வாலை ஆட்டியது. பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் மார்பை மோந்து, குழம்பிப்போய்த் தும்மியது. பிலோமினா கருவியைப் பார்த்தாள்.

"சார், ஒரே நாற்காலியில ரெண்டு பேர் உக்காந்திருக்கிறதா காட்டுது. போய்ச் சட்டையை மாத்திட்டு வந்துடுங்க."

தமயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். மாசிலாமணி உள்ளே போய் மாற்றிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி திரும்பி வந்தார். அதன் பிறகு நடந்தது அவருக்கே ஆச்சரியம். வெல்லம் அவரை மோந்தது, பச்சை எரிந்தது. தமயந்தியை மோந்தது, பச்சை எரிந்தது. இரண்டு பேரிடமும் பயம் துளிக்கூட இல்லை என்றாள் பிலோமினா. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பியை விட்டது வீண்போகவில்லை.

நாய் நிறைமதியின் அறைக்குள் போனது. கூடத்திலிருந்து பார்த்தால் அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வது தெரிந்தது. பட்டையில் பச்சை பளிச்சென்று எரிந்தது. இந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பிலோமினாவுக்கு நன்றாகக் காட்டிவிட வேண்டும் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

"மதி, இங்க வாம்மா" என்றார். அதட்டவில்லை. பிரியமாகத்தான் கூப்பிட்டார்.

பட்டை சிவப்பானது.

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. பிலோமினா கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். சற்றுப் பொறுத்துப் பச்சை திரும்பியது. பிலோமினா அறைக்குள் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடம், நீங்க ஒரு தடவை கூப்பிடுங்க என்றாள். தமயந்தி கூப்பிட்டாள். மறுபடி சிவப்பு. வெல்லம் எழுந்து சிறுமிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

பிலோமினா கருவியை மடக்கினாள். நீங்கள் இருவரும் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள் என்றாள். வீட்டுக்காரர்களை வெளியே நிற்கச் சொல்கிறாளே என்று கோபம் வந்தாலும் பச்சைப் பலகையை நினைத்து இருவரும் போய் லிஃப்ட் பக்கம் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிலோமினாதான் சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தார் மாசிலாமணி. பிறகுதான் அது தன் மகளின் சிரிப்பு என்று தெரிந்தது. தெரிந்துகொள்ள இவ்வளவு நேரம் ஆயிற்றே என்று கதவின் பக்கம் ஓரடி நகர்ந்தார். தமயந்தியும் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பிலோமினா வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"பயம் உங்க பொண்ணுக்குத்தான் சார்."

"அவளுக்கு நாய்னா உயிரும்மா."

"நாயைப் பாத்து இல்ல."

வேறு யாரைப் பார்த்து என்று கேட்க மாசிலாமணி வாயைத் திறந்தார். கேட்கவில்லை. தமயந்திக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. இதுவரை ஒரு அடி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, எதிர்வீட்டில் போய்ப் பாருங்கள், நாளெல்லாம் கத்துகிறார்கள், அங்கே பச்சை கொடுத்தீர்கள் என்று படபடத்தாள்.

"அடிச்சாத்தான் பயம்னு நாய்க்கு யாரும் சொல்லித் தரல மேடம்" என்றாள் பிலோமினா. "அங்க கத்துறாங்க. ஆனா அந்தப் பசங்க அவங்க அப்பா குரலைக் கேட்டா பந்தை எடுத்துட்டு ஓடி வரானுங்க. இங்க உங்க குரலைக் கேட்டா இந்தப் பாப்பாவுக்குக் கை சில்லுனு ஆகுது. நான் தொட்டுப் பாத்தேன்."

பிறகு, ஒப்புதல் இல்லை என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு நாயை அழைத்துவர உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் வெல்லம் நிறைமதியின் அறை வாசலில் குறுக்கே படுத்திருந்தது. பிலோமினா வாரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பிஸ்கட்டைக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்தில் பட்டை நீல நிறத்தில் எரிந்தது. நீலம் என்று ஒன்று இருப்பதே மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரியும். தங்கராசு அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

"இது காவல் ஒப்புதல் சார்" என்றாள் பிலோமினா. "நகைக்கடை, குடோன், தோப்பு, இந்த மாதிரி இடத்துக்குத்தான் விழும். வீடு பிடிச்சு இருக்கேன்னு சொல்லல. இங்க காப்பாத்த வேண்டியது ஒண்ணு இருக்கு, அதனால இருக்கேங்குது. குடும்ப வீட்ல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. சட்டத்துல இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

யாரிடமிருந்து காப்பாற்ற என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று ஆயிற்று. மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் காசில் வாங்கிய வீட்டில், தன் பெண்ணை, தன்னிடமிருந்து காக்க ஒரு தெருநாய். முடியாது, அழைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் நினைத்தார்.

அப்போது நிறைமதி நாய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது இருக்கட்டும்பா" என்றாள்.

இத்தனை வருடங்களாக அவள் எவ்வளவோ விதமாகக் கேட்டிருக்கிறாள். படம் வரைந்து காட்டியிருக்கிறாள், வீடியோ காட்டியிருக்கிறாள், காலை ஐந்து மணிக்கு எழுந்து நானே நடக்க அழைத்துப் போவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் மாசிலாமணி அவள் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். இன்று அவள் அதைச் சொல்லும்போது நாயின் கழுத்தைப் பார்த்தார். நீலம் அணைந்து சிவப்பு துடித்தது. பிடித்த ஒன்றை அப்பாவிடம் கேட்பதற்குத் தன் குழந்தை இவ்வளவு பயப்படுகிறது என்று அவர் கண்ணால் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். தமயந்தி அழுதுகொண்டே ஆட்டினாள்.

மறுவாரம் அவர்கள் வாசலில் நீலப் பலகை தொங்கியது. 'நாய் காவல் இல்லம்'. இதைப் பார்த்து ஊர் கைகொட்டிச் சிரிக்கப்போகிறது என்று மாசிலாமணி ஒடுங்கிப்போய் இருந்தார். ஆனால் ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நகைக்கடைக்குக் கொடுக்கிற பலகையை ஒரு ஃப்ளாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று குடியிருப்பே மூக்கின் மேல் விரல் வைத்தது. சங்கச் செயலாளர் லிஃப்டில் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மேலாளர் டீக்குத் தானே காசு கொடுத்தார். வாட்ஸ்அப் குழுவில், பச்சையை விட நீலம் பெரியதா என்று ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம்கூட ஒரு நாள் கார் நிறுத்தும் இடத்தில் பிடித்துக்கொண்டு, "பவுன் எவ்வளவு சார் வச்சிருக்கீங்க, காவல் போடற அளவுக்கு?" என்று ஆவலாகக் கேட்டார். மாசிலாமணி சிரித்து மழுப்பினார். இல்லை என்று சொல்லவில்லை. காரையும் ஏகாம்பரம் அன்றிலிருந்து தன் கோட்டுக்குள்ளேயே நிறுத்தினார்.

வெல்லம் யாரையும் கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டது. கழற்றாத பட்டையோடு நிறைமதியின் அறை வாசலில் படுத்துக்கொண்டது. தமயந்தி அட்டவணையைக் கிழித்துப்போட்டாள். கைக்கு வேலை இல்லாமல் தவித்து, ஒரு வாரத்தில் இன்னொன்று எழுதினாள். எழுதியதை ஒட்டுவதற்கு அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று நாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தாழ்ந்த குரலில்தான் அங்கே எப்போதும் பேசுவார்கள் என்பதால் அதில் யாருக்கும் புண்ணியமில்லாமல் போயிற்று.

அரையாண்டு மதிப்பெண்கள் வந்தன. பள்ளியிலிருந்து மாசிலாமணியின் கைபேசிக்குத்தான் முதலில் வரும். கணக்கில் எண்பத்தொன்று. அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்ததும் நடந்ததும் அவருக்குத் தெரியாது. மகளின் அறை வாசலில் போய் நின்ற பிறகுதான், கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

வெல்லம் எழுந்து நின்றது, பட்டையில் சிவப்பு எரிந்தது. உறுமவில்லை. அவருக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்று அவரைப் பார்த்தது, அவ்வளவுதான்.

நிறைமதியும் எழுந்துவிட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பில் ஒப்பிக்கிறவளைப் போல் நின்றாள்.

"அடுத்த தடவை தொண்ணூற்றெட்டு எடுத்துடறேன்பா" என்றாள்.

அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாசிலாமணி கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முட்டியை மடக்கி, வலியோடு, அந்த வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடினார். அவருக்கு அது பழக்கமில்லை.

"மார்க்கைப் பத்திப் பேச வரலம்மா" என்றார். "சும்மாதான் வந்தேன். நீ என்ன பண்றேன்னு பாக்க."

நாய் ஓரடி முன்னால் வந்து அவர் முகத்தருகே மூக்கை நீட்டி நிதானமாக மோந்தது. மோந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பெண்ணின் காலடியில், முன்னிருந்த இடத்திலேயே நின்றுகொண்டது. பட்டையில் சிவப்பு அப்படியே எரிந்தது. மாசிலாமணி எழுந்து போகவில்லை. சொன்னது பொய் என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.